பேஸ்பாலில் போட்ட பந்தை எண்ணுவதற்கு ஒரு சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

மன்னார்குடியிலிருந்து, உடற்கல்வி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். நம் பக்கத்துப் பள்ளிகளில் பேஸ்பால் ஆடுகிற பிள்ளைகளுக்கும், ஆடவைக்கிற எங்களுக்கும், வேலிக்கு வெளியே நின்று கத்துகிற பெற்றோருக்கும் சேர்த்து ஒரே தாள். எல்லாம் எழுதி முடித்தாயிற்று, ஒரு சொல்லில் மட்டும் நிற்கிறது.

பந்து போடுகிற பையன் ஒரு நாளில் எத்தனை முறை போட்டான் என்று எண்ணி, அவன் வயதுக்கு உரிய எண் வந்ததும் நிறுத்த வேண்டும். ஆங்கிலத்தில் இதைப் பிட்ச் கவுண்ட் என்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்துகிற லிட்டில் லீக் 2007-இல், எத்தனை இன்னிங்ஸ் போட்டான் என்கிற கணக்கை விட்டுவிட்டு இதற்கு மாறியது. அங்குள்ள தொழில்முறை ஆட்டத்தின் மேல்மட்டமான மேஜர் லீகும், தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதன்படி 9-10 வயதுக்கு நாளொன்றுக்கு 75 பந்து; 11-12 வயதுக்கு 85; 13 முதல் 16 வயது வரை 95. ஓய்வும் சேர்த்துத்தான். 14 வயதோ அதற்குக் கீழோ உள்ள பையன் ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் போட்டுவிட்டால், நான்கு நாள் அவனைப் பந்து போட விடக்கூடாது.

பிட்ச் கவுண்ட் என்றே எழுதிவிடலாமே என்பீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பிட்ச் என்றால் கிரிக்கெட் மைதானத்தின் நடுவில் இருக்கிற 22 கஜம். கவுண்ட் என்றால் ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறியது, அல்லது அடிக்கக்கூடிய இடத்தில் வந்தும் விட்டது) எத்தனை, பால் (அந்த இடத்துக்கு வெளியே போனது) எத்தனை என்று நடுவர் சொல்கிற கணக்கு. இரண்டையும் சேர்த்தால் அவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

போன பருவத்தில் ஒரு போட்டி. ஸ்கோர் எழுதிய ஏழாம் வகுப்புப் பையன் எழுந்து வந்து, எண் தாண்டிவிட்டது என்று நடுவரிடம் சொன்னான். எதிரணியின் பயிற்சியாளர், "நீ யாருடா எனக்குச் சொல்ல" என்று பாய்ந்தார். நடுவர் பேச வாயெடுத்ததும் சண்டை அவர் பக்கம் திரும்பியது. அது முடியும்வரை பந்து போட்ட பையன் முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே நின்றான். முடிந்ததும் மறுபடி அவனையே போடச் சொன்னார்கள். அடுத்த முறை அந்த ஸ்கோர் பையன் வாயில் நிற்கிற மாதிரி, பெரியவர் முன்னால் தயங்காமல் சொல்கிற மாதிரி ஒரு சொல் வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள தம்பி,

எறியெண். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஈட்டி எறிதல், குண்டு எறிதல், வட்டு எறிதல் என்று உங்கள் துறையே எத்தனை காலமாய்ச் சொல்லிவருகிறது.

ஆனாலும் எறி என்ற வேரை இங்கே கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். "களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே" என்கிறது புறநானூறு 312. அங்கே எறிதல் யானையை வெட்டி வீழ்த்துவது. எறிபத்த நாயனார் கையில் மழு. ஆக எறிதலுக்குள் விட்டெறிவதும் இருக்கிறது, ஓங்கி அடிப்பதும் இருக்கிறது. பேஸ்பாலில் எதிரெதிரே நிற்கிற இருவர் தொழிலும் ஒரே வேருக்குள் அடங்குகிறது! இதிலிருந்து வருவதுதான் ஏறு. கல்லேறு, கண்ணேறு, இடியேறு எல்லாம் அந்த வழி. எனவே பந்து போடுவதைப் பந்தேறு என்றும், எண்ணிக்கையை ஏறெண் என்றும் சொன்னால் மரபும் சுருக்கமும் ஒன்றாய்க் கிடைக்கும். எற்று, எற்றுதல் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, ஏறு என்றால் பையன்களுக்குக் காளை, இல்லாவிட்டால் மரத்தில் ஏறு. அது நிற்காது.

எறி என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆட்டத்தில் களத்தில் நிற்கிற எல்லோரும்தான் எறிகிறார்கள். மூன்றாம் பேஸில் நிற்பவன் முதல் பேஸுக்கு எறிகிறான், வெளிக்களத்தில் நிற்பவன் உள்ளே எறிகிறான். நாம் எண்ணப்போவது, மட்டை பிடித்து நிற்கிற ஆட்டக்காரனை நோக்கி, களத்தின் நடுவில் பந்து போடுபவன் நிற்கிற மேட்டிலிருந்து போடுகிற பந்தை மட்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதற்குக் காரணம் இதுதான். சரி, வீச்சு என்று வைக்கலாமா என்றால், மட்டை வீச்சும் வீச்சுதான். வீச்செண்ணிக்கை என்று எழுதினால் மட்டையை எத்தனை முறை சுழற்றினான் என்று படிப்பார்கள். அதோடு கிரிக்கெட்டில் எறிவது குற்றம். முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்ந்தால் அது வீச்சு ஆகாது, எறி என்று தள்ளுவார்கள். பிள்ளைகள் அந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டுதான் இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள்.

பிட்ச்சிங் எண்ணிக்கை என்று வைத்துவிட்டு மேலே போகலாம் என்பது என் எண்ணம். "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல" என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது.

திருவையாற்றிலிருந்து:

நன்னூல் இடம் கொடுத்தது புகுவதற்கு. புகுகிற சொல் தமிழ் உடம்போடு புக வேண்டும். "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே" என்று தொல்காப்பியர் வடசொல்லுக்கு வைத்த விதி எல்லா அயற்சொல்லுக்கும் பொருந்தும். வல்லின மெய்யில் முடிகிற தமிழ்ச்சொல் கிடையாது. பிட்ச் என்று முடித்தால் அந்தச் சொல்லுக்கு வேற்றுமை ஏற்றுவதற்கே ஓர் உகரத்தைக் கடன் வாங்க வேண்டும்.

மயிலாடுதுறையார் காட்டிய வேறுபாடு சரியானது. அதற்கு விடை தொடுத்தல். கணை தொடுத்தான், போர் தொடுத்தான், வழக்குத் தொடுத்தான் என்கிறோம். ஒன்றை ஏவுவதும் ஒன்றைத் தொடங்குவதும் இந்த ஒரே வினைக்குள் இருக்கின்றன. பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டமும் மேட்டில் நிற்பவன் பந்தை விட்டால்தானே தொடங்குகிறது? ஆகவே தொடுப்பு, தொடுப்பாளர், தொடுப்பெண். களத்தில் மற்றவர் செய்வது எறிதல். இவ்வளவு பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இதற்கு இல்லை என்று உறுதியாய்ச் சொல்வேன்.

நாகப்பட்டினத்திலிருந்து, கணக்கு ஆசிரியை:

திருவையாற்று ஐயாவுக்கு வணக்கம். தொடுப்பு என்பதைப் பள்ளித் தாளில் அச்சிட முடியாது. நம் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பெண் பிள்ளையைத் தொடுப்பாளர் என்று மைதானத்தில் கூப்பிட்டுப் பாருங்கள், மறுநாள் அவளை ஆட அனுப்ப மாட்டார்கள். பெண்கள் அணியை ஒன்று சேர்ப்பதற்கே வீடுவீடாகப் போகிறோம். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்.

எறியெண்ணும் வேண்டாம். எண் என்றால் சட்டை எண், வரிசை எண். "எறியெண் 40" என்று எழுதினால் நாற்பதாவது எறி என்றும் கொள்ளலாம், நாற்பது எறி என்றும் கொள்ளலாம். எண்ணிக்கை என்றால் அந்தக் குழப்பம் இல்லை. நம் பக்கம் களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள், அப்புறம் இரண்டு, மூன்று என்று போகும். அளக்கிறவர் குரல் விட்டுச் சொல்வதும் பக்கத்தில் இருப்பவர் காதில் வாங்குவதும் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு. ஸ்கோர் எழுதுகிற பிள்ளையும் அப்படி உரக்க எண்ணினால் பிறகு யாரும் மறுக்க முடியாது. இதை யோசித்தபோது எறியளவு என்று தோன்றியது. அளவு என்பதில் எவ்வளவு என்பதும் இருக்கிறது, இவ்வளவுதான் என்பதும் இருக்கிறது. "அளவறிந்து வாழாதான்" என்கிற குறள் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து, இயன்முறை மருத்துவர்:

எறியளவு எனக்கும் பிடிக்கிறது டீச்சர். ஆனால் ஈட்டியும் குண்டும் எறிகிற பிள்ளைகள் அதை எறிந்த தூரம் என்றுதான் படிப்பார்கள். நாம் குறைக்கச் சொல்வதை அவர்கள் கூட்டப் பார்ப்பார்கள்.

சொல்லுக்கு நடுவே கை மறந்துபோகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். வளரும் பிள்ளைக்கு எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் இன்னும் இறுகாத குருத்துப் பகுதி ஒன்று இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். (இதை வளர்குருத்து என்று தாளில் போடுங்கள். குருத்தெலும்பு என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது, யாரும் சண்டை போட மாட்டார்கள்.) வேகமாகப் போடும்போது முழங்கையின் உள்பக்கம் ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. பெரியவர்களுக்கு அங்கே தசைநார் கிழியும். பிள்ளைகளுக்கு நாரைவிட வளர்குருத்து பலவீனமானது, அதனால் முதலில் அது வீங்கும், சில சமயம் எலும்புத் துணுக்கோடு பிய்ந்துகொண்டு வரும். தோளிலும் இப்படி ஒன்று உண்டு.

வலிக்கிறது என்று பையன் சொன்னால் தைலம் தேய்த்து மறுபடி நிறுத்துகிறார்கள். அமெரிக்காவில் இளம் பந்து வீச்சாளர்களை வைத்து 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கை சோர்ந்த பிறகும் வழக்கமாகப் போட்டுவந்தவர்களுக்கு அறுவைசிகிச்சை வரை போகிற காயம் 36 மடங்கு அதிகமாக இருந்தது. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டிகளில் போட்டவர்களுக்கு 5 மடங்கு. இணையத்தில் பார்த்துவிட்டு, "டாமி ஜான் ஆபரேஷன் செய்தால் கை முன்பைவிட வேகமாகுமாமே" என்று கேட்கிற தகப்பன்களும் இருக்கிறார்கள். முழங்கையில் கிழிந்த நாருக்குப் பதில் வேறு நாரை வைத்துக் கட்டுகிற அறுவைசிகிச்சை அது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்தச் சிகிச்சையை முதலில் செய்தது, தொழில்முறை ஆட்டமே முடிந்துபோகும் நிலையில் இருந்த டாமி ஜான் என்ற வீரருக்கு. அவர் திரும்பி வந்தது 1976-இல். 13 வயதுப் பிள்ளைக்கு அதை ஆசைப்பட்டுக் கேட்பது கொடுமை.

இன்னொன்று. மேட்டில் 41 பந்தோ அதற்கு மேலோ போட்ட பையனை அதே நாளில் கேட்சராக (மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவனாக) உட்கார வைக்கக்கூடாது என்று லிட்டில் லீகில் விதி இருக்கிறது. கேட்சர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான், அதுவும் அதே கைதான். ஆகவே எறி என்ற சொல் எல்லா எறியையும் குறித்தால் எனக்குக் கவலை இல்லை, நல்லது என்றே சொல்வேன். எண்ணிக்கைக்கு ஒரு சொல் போதாது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதற்கும் ஒன்று கொடுங்கள். பயிற்சியாளர்கள் கோபப்படுவது எண்ணுவதால் அல்ல, நிறுத்துவதால்.

கும்பகோணத்திலிருந்து:

டாக்டர் தம்பி கேட்ட சொல் வரம்பு. எறிவரம்பு. வயல் வரப்பும் அதே சொல்தான். காவிரிக்கரைப் பிள்ளைக்கு இதற்கு உரை வேண்டாம். வரம்பு என்ற சொல்லில் அதிகாரம் இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை. "நிறுத்து" என்று நடுவர் சொன்னால் நீ யார் என்று கேட்பான். "வரம்பு வந்துவிட்டது" என்றால் யாரைக் கேட்பான்? நடுவர் என்ற சொல்லும் நடுவு நிலைமையிலிருந்து வருவது. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்" என்ற குறளைத் தாளின் மேலே போடலாம். ஸ்ட்ரைக்கா பாலா என்று நடுவர் கண்ணால் கண்டு சொன்னதை மறுத்துப் பேச பேஸ்பால் விதியே இடம் தரவில்லை என்று படித்தேன். அதையும் பெற்றோருக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஏறெண்ணை நான் இன்னும் கைவிடவில்லை.

மயிலாடுதுறையிலிருந்து:

எறிவரம்புக்கு என் ஓட்டு. எண்ணிக்கைக்கு எதை வைத்தாலும் சம்மதம், ஆனால் இன்றே முடிவு செய்யுங்கள். எறியெண்ணிக்கை என்று சேர்த்து எழுதினால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வராது. எறி எண்ணிக்கை என்று பிரித்துப் போடுங்கள்.

திருவையாற்றிலிருந்து:

உயிர்முன் உடம்படுமெய் வர வேண்டிய இடத்தில் இடைவெளி விடுவதா? சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மன்னார்குடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்து எல்லாச் சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். எறிவரம்பு உடனே பிடித்துக்கொண்டது. எண்ணிக்கைக்கு அவர்கள் சொல்வது "எத்தனை போட்டே?" என்பதுதான், போடு என்ற வினையைத் தவிர வேறு எதுவும் அவர்கள் வாயில் இயல்பாக வரவில்லை. ஆனாலும் தாளில் பெயர்ச்சொல் வேண்டும். பெரும்பாலோர் இசைந்தபடி எறி எண்ணிக்கை என்றும், அதற்குக் கீழே எறிவரம்பு என்றும் போகிறது. தலைப்புகளில் பிரித்து, உரையில் சேர்த்து. மேட்டிலிருந்து ஆட்டக்காரனை நோக்கிப் போடுவது மட்டும் கணக்கில் வரும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கேட்சர் விதியும் வளர்குருத்தும் உள்ளே வந்துவிட்டன. ஸ்கோர் எழுதுகிற பிள்ளை ஒவ்வொரு பந்துக்கும் உரக்க எண்ண வேண்டும், வரம்புக்கு ஐந்து இருக்கும்போதே நடுவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாங்களே ஒரு விதி வைத்திருக்கிறோம். நாகை டீச்சருக்கு அதற்காகத் தனி நன்றி.

திருவையாற்றிலிருந்து:

எறிவரம்பை ஏற்கிறேன். எறி எண்ணிக்கைக்கு என் மறுப்பு இருக்கிறது, இடைவெளிக்கும் இருக்கிறது. பேச்சு வழக்கில் ஒரு பொருள் கறைபட்டது என்பதற்காக நல்ல வினை ஒன்றை இழப்பதா என்று டீச்சர் ஒருமுறை யோசிக்க வேண்டும். பூத் தொடுப்பதை நாம் விட்டுவிட்டோமா? அடுத்த பதிப்புக்கு முன் விரிவாக எழுதுகிறேன். அப்புறம், ஸ்ட்ரைக் என்பதைத் தாளில் அப்படியே விட்டிருக்கிறீர்கள். மட்டையில் படாமல் போகிற பந்துக்கு அடி என்று பொருள்படும் பெயர் எப்படி வந்தது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்கலாமா?