பழைய கோர் 2 கணினியில் விண்டோஸ் 11 24எச்2 ஏறவில்லை: உதவி தேவை

ஈசூன் மலர்:
வணக்கம். துணைப்பாட வகுப்புக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் மேசைக் கணினி இது. இன்டெல் கோர் 2 குவாட் கியூ8400, 4 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி. டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்பைப் போட்டுத் தந்திருந்தார்கள், நன்றாகவே ஓடியது. இப்போது மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பென்டிரைவ் வைத்து அடுத்த பதிப்பான 24எச்2 நிறுவப் பார்த்தால், லோகோ தோன்றியதும் கணினி மறுபடி தொடங்குகிறது. வேறு பென்டிரைவிலும் அப்படியே. பிள்ளைகளின் கோப்புகள் அனைத்தும் இதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பிடோக் செல்வம்:
நினைவகத்தைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைகள் பக்கம் போனால் பழைய டிடிஆர்2 நினைவகம் கிடைக்கலாம். 8 ஜிபி ஆக்கிவிடுங்கள்.

ஜூரோங் கதிரவன்:
செல்வம் அண்ணே சொல்வது மற்ற கோளாறுகளுக்குப் பொருந்தும். இதற்குப் பொருந்தாது. மலர், தயவுசெய்து நினைவகத்துக்குப் பணம் போடாதீர்கள்.

டிபிஎம் சோதனை என்பது நிறுவும்போது மட்டும் கேட்கப்படும் கேள்வி, அதைத் தாண்டலாம். 24எச்2 கதை வேறு. அதன் மையப் பகுதியான கெர்னலே பாப்கவுண்ட் என்ற செயலிக் கட்டளையைப் பயன்படுத்துகிறது. அது உங்கள் செயலியில் இல்லை. இன்டெல்லில் அது எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுப்புடன், முதல் தலைமுறை கோர் ஐ வரிசையில்தான் வந்தது. கோர் 2 வரிசை எஸ்எஸ்இ4.1 வரை மட்டுமே. விண்டோஸ் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதை மாற்றினாலும் சிலிக்கானில் இல்லாததை வரவழைக்க முடியாது. சந்தேகம் இருந்தால் சிபியு-இசட் நிரலில் ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ வரியைப் பாருங்கள்.

திருத்தங்கள் நின்றதற்கும் காரணம் உண்டு. 23எச்2 ஹோம், புரோ பதிப்புகளுக்கான ஆதரவு 2025 நவம்பர் 11 அன்று முடிந்துவிட்டது. பிள்ளைகளின் விவரங்கள் உள்ள கணினியை இப்படியே இணையத்தில் விட்டுவைப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிடுங்கள். பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம், அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. உங்கள் செயலி 64 பிட் என்பதால் ஓடும். ஆதரவு 2029 வரை உண்டு. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், வட்டில் எதுவும் மாறாது. விண்டோஸ் 10 22எச்2-க்குத் திரும்பி, நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேரவும் வழி உண்டு. ஆனால் அது 2026 அக்டோபர் 13 வரைதான். அதற்காக மறுபடி எல்லாவற்றையும் நிறுவும் உழைப்பு வீண் என்பேன்.

ஈசூன் மலர்:
மிக்க நன்றி அண்ணா. சிபியு-இசட்டில் 4.1 மட்டும்தான் இருக்கிறது. மின்ட்டைப் பென்டிரைவில் ஓட்டினேன். வைஃபை, அச்சுப்பொறி இரண்டும் வேலை செய்கின்றன. தமிழ்99 விசைப்பலகை கிடைக்குமா? அது இல்லாமல் என்னால் ஒரு தாளும் தயாரிக்க முடியாது.

ஜூரோங் கதிரவன்:
கிடைக்கும். தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸ் நிரல், அதற்கான எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவி, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ்99 இருக்கும். வேர்டில் செய்த பழைய தாள்களை லிப்ரே ஆபீஸில் திறக்கும்போது அட்டவணைகளும் பக்க அமைப்பும் சற்று நகரலாம். அச்சிடுமுன் ஒவ்வொன்றையும் பார்த்துவிடுங்கள்.

பிடோக் செல்வம்:
என் மாமா வீட்டிலும் ஒரு கோர் 2 டுவோ இருக்கிறது. அதற்கும் இதே வழிதானா, தம்பி?

ஜூரோங் கதிரவன்:
ஆம் அண்ணே. 2 ஜிபி நினைவகமாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.