எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கலாமா? உங்கள் கருத்து

மேட்டாங்காடு:
வணக்கங்க. எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கும் பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. குளம் குட்டைக்குத் தண்ணி கொண்டுவரும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டக் குழாய் வந்த மேட்டுப்பக்கம் எங்கள் ஊர், சுற்றிலும் சின்னச் சின்னதாக எட்டு குக்கிராமம். 2025 ஜனவரியில் பல ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு சேர்க்க அரசு அறிவித்தபோது நாங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த பட்டியலில் வரும் என்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேரக் கூடாது.

வயிற்றுப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். நூறு நாள் வேலை கிராமப்புறத்துக்கு மட்டுமான திட்டம். நகராட்சி எல்லைக்குள் போய்விட்டால் அந்த அட்டைக்கு மதிப்பில்லை. எங்கள் ஊரில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயது தாண்டிய பெண்கள். பனியன் கம்பெனியில் அவர்களை எடுக்க மாட்டார்கள், கம்பெனி வேனில் ஏறி ஷிப்ட் பார்க்க அவர்களாலும் முடியாது. கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள், அதுவும் ஊரகப் பகுதிக்குத்தான். இந்த இரண்டையும் விட்டுக்கொடுத்து எதைப் பெறப் போகிறோம்?

தறிக்குடோன்:
அண்ணா, நீங்கள் ஊருக்கு நடுவில் இருந்து பேசுகிறீர்கள். நான் பைபாஸ் பக்கம், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளுக்கு மத்தியில் இருக்கிறேன். ஒருநாள் பொழுதோட அங்கே வந்து பாருங்கள். அறைக்கு நாலு பேர், பாதிப்பேர் வடமாநிலத்துக்காரர்கள். குளிக்கிற தண்ணி, துவைக்கிற தண்ணி எல்லாம் இட்டேரி வண்டிப்பாதையில் இறங்கிக் குட்டைக்குப் போகிறது. குப்பையைக் குட்டைக் கரையிலேயே கொட்டித் தீ வைக்கிறார்கள். தூய்மைக் காவலர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வண்டியை வைத்துக்கொண்டு எட்டு குக்கிராமத்தை எப்படிப் பார்ப்பது?

ஊராட்சிக்கென்று ஓர் இன்ஜினியர் கிடையாது. சாக்கடை கட்ட ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து மதிப்பீடு போட வேண்டும், அவர் கையில் எத்தனையோ ஊராட்சி. கடைசியாகக் கட்டிய சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது தெரியுமா? எங்கேயும் சேரவில்லை. ஒரு வீட்டு மதில் சுவர் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. நகராட்சியில் பொறியாளர் இருக்கிறார், சுகாதார ஆய்வாளர் இருக்கிறார், பாதாளச் சாக்கடைக்கு நிதி கேட்க வழி இருக்கிறது. நம் ஊரைக் கிராமம் என்று இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது?

மேட்டாங்காடு:
சாக்கடை விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை தம்பி. ஆனால் நகராட்சி தன் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று பாருங்கள். எல்லா ஊரிலும் எல்லையோரத்தில்தான். நாம் சேர்ந்தால் அந்த எல்லையோரம் நாம்தான். குட்டையும் புறம்போக்கும் நம்மிடம்தானே இருக்கிறது.

அப்புறம் வரி. 2022-ல் நகர்ப்புறச் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் அது பொருந்தியது, ஊராட்சி வீட்டு வரி அந்த ஏற்றத்தில் வரவில்லை. லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர் அந்த வரியைக் கையிலிருந்தா கட்டுவார்? வாடகையில் ஏற்றிவிடுவார்.

குட்டைக்கரை:
ஒரு சந்தேகம்ங்க. சேர்ந்துவிட்டால் பட்டா மாறுமா? எங்கள் அப்பாருக்கு நாலு ஏக்கர் வெள்ளாமைக் காடு இருக்கிறது, நகராட்சி வந்தால் காட்டுக்கும் வரி என்று பயப்படுகிறார்.

பழைய ரிஜிஸ்டர்:
பயப்பட வேண்டாம் கண்ணு. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் வருவாய்த் துறை. ஊராட்சி இருந்தாலும் நகராட்சி ஆனாலும் கிராம நிர்வாக அலுவலரும் தாலூகா ஆபீஸும்தான் பார்ப்பார்கள். வெள்ளாமை நடக்கிற காட்டுக்குக் காலியிட வரி இல்லை. சைட் பிரித்துக் கல் நட்டுச் சும்மா போட்ட நிலத்துக்கு உண்டு.

கிழக்குவளவு:
இந்தப் பேச்சில் எங்கள் வளவைப் பற்றி, அதாவது பட்டியல் சாதி மக்கள் குடியிருக்கும் பகுதியைப் பற்றி, ஒருத்தரும் எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

சேரக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் "நம்ம ஊரு, நம்ம வழக்கம்" என்கிற காரணத்துக்காக இல்லை. அந்த வழக்கத்தில் எங்கள் அப்பாரு சாவடித் திண்ணையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வரி வசூலிக்கிற மணியகாரரும் கணக்கு எழுதுகிற கர்ணமும் பரம்பரையாக இருந்த காலம் அது. 1980-ல் அரசு அந்த முறையை எடுத்துவிட்டுப் பரீட்சை எழுதி வருகிறவர்களைக் கிராம நிர்வாக அலுவலர்களாகப் போட்ட பிறகுதான், ஒரு சான்றிதழுக்காக யார் வீட்டு வாசலிலும் நிற்கிற நிலைமை எங்களுக்குத் தீர்ந்தது. ஊராட்சியும் தானாக எங்களுக்கு வரவில்லை. 1994 சட்டத்தில் பட்டியல் சாதிக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்கி, அது சுழற்சியில் எங்கள் ஊருக்கு வந்ததால் எங்கள் வளவுப் பெண் ஒருத்தர் தலைவரானார்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். அதுவரைக்கும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரே குழாய், மேலத் தெரு முழுக்கப் பிடித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு. எங்கள் வளவு பள்ளத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் தண்ணி வராது, காற்றுதான் வரும். மேலே மோட்டார் போட்டு உறிஞ்சுவார்கள். அவர் தொட்டிக்கு அடியிலிருந்தே தனிக் குழாய் இழுத்துத் தனி வால்வு வைத்தார். இன்றைக்கும் வெடியால டேங்க் ஆபரேட்டர் முதலில் திறப்பது எங்கள் வால்வைத்தான். அதற்குப் பெரிய நிதி தேவைப்படவில்லை. தலைவர் கையில் அதிகாரம் இருந்தது, அவர் எங்கள் வீட்டுக் குடத்தைப் பார்த்தவர். நகராட்சியில் நிர்வாக அதிகாரம் ஆணையருக்கு. தலைவரையும் மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் வளவு ஏதோ ஒரு வார்டில் பாதியாகக் கிடக்கும்.

தறிக்குடோன்:
அக்கா, அந்த வால்வு வந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் நகராட்சியிலும் இட ஒதுக்கீடு உண்டு, பெண்களுக்குப் பாதி இடம் அங்கேயும் உண்டு. சுழற்சி மாறி வேறு ஆள் தலைவரானால் அந்த வால்வை மூடமாட்டார் என்று என்ன உறுதி? ஒரு ஆளின் மனசை நம்பி எத்தனை வருஷம் தண்ணி குடிப்பது? இன்னொன்று, பல ஊரில் பெண் தலைவர் என்றால் நாற்காலியில் கணவர்தான்.

கிழக்குவளவு:
எங்கள் தலைவரின் கணவர் அந்த ஐந்து வருஷமும் தறிக்குத்தான் போனார். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தபோது அவர் பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுத்து வேலையை முடித்தார். ஊர் ஊருக்கு நடப்பதை எங்கள் தலைவர் மேல் ஏற்றாதீர்கள் தம்பி.

மேட்டாங்காடு:
இட்டேரியைப் பற்றித் தம்பி எழுதியதால் நானும் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்காக: இட்டேரி என்றால் இரண்டு தோட்டத்துக்கு நடுவில் மாட்டுவண்டி போகிற அகலத்துப் பாதை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலி மேலே கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறியிருக்கும். கௌதாரி அடியிலேயே முட்டையிடும், கீரி ஓடும். மழை பெய்தால் அந்தப் பாதையேதான் ஓடை, குட்டைக்குத் தண்ணி அப்படித்தான் வந்தது. இன்றைக்கு எங்கள் ஊரில் முழுசாக இருப்பவை கொஞ்சம்தான். சைட் போடுகிறவர் முதலில் ஜேசிபி விட்டு வேலியைப் பிடுங்குகிறார், அப்புறம் அதையே மனைப்பிரிவுக்குப் போகிற ரோடு என்று வரைபடத்தில் காட்டுகிறார். வடக்குப் பக்கத்து இட்டேரியை அப்படி எடுக்கப் பார்த்தபோது கிராம சபையில் தீர்மானம் போட்டுத் தடுத்தோம். எந்த இட்டேரி எந்தக் குட்டைக்குத் தண்ணி கொண்டுவரும் என்று அந்தக் கூட்டத்தில் இருந்த வயசானவர்களுக்குத் தெரியும். நகராட்சி ஆபீஸில் யாரிடம் போய்ச் சொல்வது?

அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்கு இந்தப் பக்கத்து மக்கள் அறுபது வருஷம் கேட்டுக் கேட்டுத்தான், 2024 ஆகஸ்டில் 1,045 ஏரி குளம் குட்டைகளுக்குத் தண்ணி திறந்தார்கள். பவானியின் உபரித் தண்ணியைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்தக் குட்டைக்குக் காவல் இந்த ஊர் இருக்க வேண்டாமா?

தறிக்குடோன்:
ஊர் காவல் இருந்ததால்தான் தெற்குப் பக்கத்து இட்டேரி போனதா? அதற்குத் தடையில்லாச் சான்று கொடுத்தது நகராட்சி இல்லை, ஊராட்சிதான். அத்திக்கடவுத் தண்ணி வந்து விழுகிற அதே குட்டையில்தான் லைன் வீட்டுக் கழிவும் விழுகிறது. வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை நடக்கிறதே, அதைப் பற்றி ஒரு தீர்மானம் உண்டா? லைன் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, கிராம சபையில் உறுப்பினரும் இல்லை. அவர்களுக்காகப் பேச அங்கே ஆள் கிடையாது. அவர்கள் தைத்துக் கொடுக்கிற துணியில்தான் இந்த ஊர்க் கடைகள் ஓடுகின்றன.

கிழக்குவளவு:
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால்வாடியில் சேர்க்கை கேட்டு நானே அலைந்திருக்கிறேன். ஆனால் நகராட்சி ஆனாலும் அவர்களுக்கு ஓட்டு வந்துவிடாது.

பழைய ரிஜிஸ்டர்:
ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சில விஷயம் சொல்கிறேன்.

இப்போது இந்த முடிவை எடுக்க ஊராட்சியில் ஆளே இல்லை என்பதுதான் பெரிய குறை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, அவர்களுக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். இது புதிதும் இல்லை. 1986-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 1996-ல்தான் நடந்தது. 2016-ல் காலம் முடிந்த பிறகு 2019 வரைக்கும் தனி அலுவலர்தான். பணத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிதண்ணிக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்தது. தம்பி கேட்கிற சாக்கடைக்கும் குப்பைக்கும் உரிய பணம் அது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத இடத்துக்கு அந்தப் பணத்தை ஒன்றிய அரசு நிறுத்திவைக்கும். ஆகவே ஊராட்சியால் முடியவில்லை என்று தீர்ப்பு எழுதும் முன்பு, ஊராட்சியை முழுசாக இயங்க விட்டோமா என்று பார்க்க வேண்டும். என் நிலை: தேர்தல் நடத்தி, வந்த மன்றம் தீர்மானித்த பிறகே இணைப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

தறிக்குடோன்:
தேர்தல் வருகிற வரைக்கும் சாக்கடை காத்திருக்காதுங்க ஐயா. அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் வருகிறேன், இணைப்பு வேண்டும் என்று மனு கொடுப்பேன். என் பக்கம் ஓட்டு உள்ளவர்களும் வருவார்கள்.

மேட்டாங்காடு:
வாங்க தம்பி. இணைப்பு வேண்டாம் என்ற தீர்மானத்தை நாங்களும் கொண்டுவருகிறோம். லைன் வீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி கட்டாயம் என்று இன்னொரு தீர்மானமும் வைக்கிறோம். அதற்கு மட்டும் நீங்களும் கை தூக்குங்கள்.

தறிக்குடோன்:
அதற்குத் தூக்குவேன்.

பழைய ரிஜிஸ்டர்:
இரண்டு தரப்புக்கும் ஒன்று சொல்கிறேன். மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் கிராம சபைக் குறைவெண் 200 பேர். அது சேராவிட்டால் கூட்டம் செல்லாது, ஆகவே ஆள் கூட்டி வாருங்கள். வருகைப் பதிவேட்டில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தை அப்புறம் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவது பல ஊரில் நடக்கிறது. தீர்மானப் பதிவேட்டைக் கூட்டத்திலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்த பிறகு எழுந்து வாருங்கள். அரசு இணைப்பு அறிவிக்கை போட்டால் ஆட்சேபணை கேட்பார்கள். அதில் குறித்த நாளுக்குள் அந்த நகலை வைத்து, அதில் சொல்லியிருக்கிற அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.