24 இன்ச்சா, 26 இன்ச்சா? பாப்பா சைக்கிள் பத்தி வீட்டு குரூப்ல

[காலை 9:12] சத்துவாச்சாரி அக்கா: எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு சைக்கிள் எடுக்கணும். 9 வயசு முடிஞ்சது, இருக்கிற 20 இன்ச்சுல முட்டி ஹேண்டில் பார்ல இடிக்குது. மேடு ஏறுற கியர் சைக்கிள்தான் வேணுமாம். கடையில 24 இன்ச்ல ரெண்டு காட்டினாங்க, படம் போடறேன்.

[காலை 9:13] சத்துவாச்சாரி அக்கா: (2 படங்கள்)

[காலை 9:15] சத்துவாச்சாரி அக்கா: சிவப்பு: டபுள் டிஸ்க், 21 கியர், முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஷாக்கு. 11,800. நீலம்: ஷாக்கு இல்ல, டிஸ்க் இல்ல, 7 கியர். 12,500. ஒண்ணுமே இல்லாததுக்கு ஏன் விலை ஜாஸ்தி?

[காலை 9:21] ராணிப்பேட்டை சித்தி: வளர்ற பொண்ணு, ரெண்டும் வேணாம். 26 இன்ச்சா எடுத்துடு. காலேஜ் வரைக்கும் ஓட்டும்.

[காலை 9:24] பாகாயம் அண்ணன்: சித்தி, 26 மட்டும் வேணாம். பாப்பா உயரம் எவ்ளோம்மா? அதைவிட முக்கியம் கால் உள்ளளவு. செவுத்துல முதுகு ஒட்டி, செருப்பில்லாம நிக்க வை. கெட்டி அட்டை நோட்டு ஒண்ணைத் தொடை நடுவுல வச்சு, சீட்ல உக்கார்ற மாதிரி நல்லா மேல அழுத்து. நோட்டோட மேல் விளிம்புல செவுத்துல கோடு போட்டு தரையில இருந்து அள. எடையும் பாரு.

[காலை 9:40] சத்துவாச்சாரி அக்கா: உயரம் 131 செ.மீ. உள்ளளவு 59. எடை 27 கிலோ.

[காலை 9:46] பாகாயம் அண்ணன்: அப்ப 24 இன்ச். பொதுவா 20 இன்ச் 115ல இருந்து 130 செ.மீ. வரைக்கும், 24 இன்ச் 130ல இருந்து 148 வரைக்கும். இந்த வயசுல வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளரும். அதனால சித்தி, 24 இன்ச்சே மூணு வருஷம் வரும். 26ல இன்னைக்கு ஏத்தினா சீட்டை அடிமட்டம் வரை இறக்கினாலும் கால் எட்டாது. சடன் பிரேக் போட்டு சீட்ல இருந்து முன்னாடி சரிஞ்சா, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல இருக்கிற பார் மேலயே விழும். பயந்துட்டா அப்புறம் சைக்கிள் பக்கமே வராது.

[காலை 9:48] ராணிப்பேட்டை சித்தி: சரிப்பா. அது யோசிக்கல.

[காலை 9:50] பாகாயம் அண்ணன்: ஆனா 24 இன்ச்னு போட்டிருக்கிறது சக்கர அளவுதான். ஃப்ரேம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம். பார் மேல கால் ரெண்டு பக்கமும் போட்டு நின்னா 3 செ.மீ.யாவது இடைவெளி இருக்கணும். பாப்பாவுக்கு 59ன்னா, பாரோட உயரம் 56க்கு மேல போகக் கூடாது. டேப் எடுத்துக்கினு போ.

[காலை 10:05] குடியாத்தம் மாமா: படம் இப்பதான் பாத்தேன். அந்த செவப்பு வேணாம்மா. அதுக்கு பேருதான் மவுண்டன் சைக்கிள். மேட்டுல தள்ளிக்கினுதான் போவணும்.

[காலை 10:06] சத்துவாச்சாரி அக்கா: ஏன் மாமா? பாக்க அதுதானே கெட்டியா இருக்கு?

[காலை 10:14] குடியாத்தம் மாமா: அந்த கெட்டிதான் வினை. இரும்பு ஃப்ரேம், இரும்பு ஷாக்கு, ரெண்டு டிஸ்க்கு. கடையில எடை மிஷின் இருந்தா வை. இல்லன்னா வீட்டு எடை மிஷினை எடுத்துக்கினு போய், தம்பி சைக்கிளைத் தூக்கிக்கினு ஏறி நிக்கட்டும். அப்புறம் வெறுமனே நிக்கட்டும். கழிச்சா சைக்கிள் எடை.

[காலை 10:15] காட்பாடி தம்பி: நான் கடைக்குதான் போறேன் அக்கா. 11 மணிக்கு பாப்பாவோட வந்துடு.

[காலை 10:22] பாகாயம் அண்ணன்: ஷாக்கு விஷயம் கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் ஏமாந்து போற இடம் இதுதான். மலிவு ஷாக்குல இருக்கிறது வெறும் சுருள் கம்பி. பெரியவங்க எடைக்கு போட்ட கம்பி, 27 கிலோ புள்ளை உக்காந்தா அசையவே அசையாது. அசைஞ்சாலும் எண்ணெய் அடக்கம் கிடையாது, போன வேகத்துல எகிறித் திரும்பும். இதுக்கு முன்னாடி மட்டும் ஒண்ணரை, ரெண்டு கிலோ கூடுது. பின்னாடி ஷாக்கு இன்னும் மோசம். ஒவ்வொரு மிதிக்கும் சீட்டு ஆடும், மிதிக்கிற பலத்துல கொஞ்சம் கம்பியை அமுக்கறதுக்கே போயிடும். கொஞ்ச மாசத்துல அந்த மூட்டுல புஷ் தேஞ்சி கடகடன்னு ஆடும்.

[காலை 10:24] பாகாயம் அண்ணன்: கடையிலயே சோதிக்கலாம். முன் ஷாக்கோட பளபள குழாய்ல ஒரு ரப்பர் பேண்டைச் சுத்தி, அடியில சீல் ஓரமா தள்ளி வை. பாப்பா மெதுவா ஏறி உக்காந்து, மெதுவா இறங்கட்டும். 50 மி.மீ. ஷாக்குன்னா ரப்பர் பேண்டு 10, 12 மி.மீ. ஏறியிருக்கணும். ஒரு மி.மீ. கூட நகரலன்னா, அந்த ஷாக்கு பாப்பாவுக்கு வெறும் சுமைதான்.

[காலை 10:27] சத்துவாச்சாரி அக்கா: அப்ப குண்டும் குழியுமா இருந்தா கை வலிக்காதா? எங்க தெரு உனக்குத் தெரியும்ல.

[காலை 10:31] பாகாயம் அண்ணன்: அதுக்கு டயர்தான் ஷாக்கு. 1.95 இன்ச்சுக்குக் குறையாத அகலம். காத்தைக் கல்லு மாதிரி அடிக்காத. டயர் பக்கவாட்டுல குறைஞ்ச அளவு, கூடுன அளவு ரெண்டும் போட்டிருக்கும். இந்த எடைக்கு அந்தக் குறைஞ்ச அளவை ஒட்டி வச்சா போதும். பெட்ரோல் பங்க் காத்து வேணாம்மா. ஒரு அழுத்துல எகிறிடும், டியூப் வெடிக்கும். அளவு காட்டுற கால் பம்ப் ஒண்ணு வாங்கி வீட்டுல வை.

[காலை 11:18] காட்பாடி தம்பி: எடை பாத்தாச்சு. சிவப்பு 16.4 கிலோ. நீலம் 11.8 கிலோ.

[காலை 11:20] குடியாத்தம் மாமா: பாத்தியா. 27 கிலோ புள்ளைக்கு 16.4ன்னா, 65 கிலோ ஆளு கிட்டத்தட்ட 40 கிலோ சைக்கிளை மிதிக்கிற மாதிரி. உன்னால முடியுமா? அக்கா கேட்டா பாரு, விலை ஏன் ஜாஸ்தின்னு. அலுமினியம் ஃப்ரேம், அதான் காசு.

[காலை 11:23] காட்பாடி தம்பி: சிவப்புல பார் உயரம் 66, பாப்பா நுனிக்கால்ல நிக்கறா. நீலத்துல 56. ரப்பர் பேண்டு துளிகூட நகரல அண்ணா. சிவப்பை ஓரங்கட்டிட்டோம்.

[காலை 11:24] காட்பாடி தம்பி: நீலத்துல இன்னும் என்ன பாக்கணும்? கடைக்காரர் பொறுமையாதான் இருக்கார்.

[காலை 11:29] பாகாயம் அண்ணன்: கிராங்க் நீளம், அதாவது பெடலை மாட்டியிருக்கிற கையோட நீளம். பெடல் அச்சு நடுவுல இருந்து கிராங்க் சுத்துற அச்சு நடு வரைக்கும் அள. கிராங்க் கைக்கு உள்பக்கம் எண்ணும் பொறிச்சிருக்கும். பெரியவங்க சைக்கிள் 170 மி.மீ. அதையே சின்ன சைக்கிள்லயும் மாட்டி வித்துடறாங்க. முட்டி ரொம்ப மேல வந்து மடங்கும், திருப்பத்துல பெடல் தரையில உரசும். இவளுக்கு 140 நல்லது, 152 வரைக்கும் பரவால்ல.

[காலை 11:32] காட்பாடி தம்பி: 152.

[காலை 11:32] பாகாயம் அண்ணன்: ஓகே.

[காலை 11:35] குடியாத்தம் மாமா: பிரேக் பாருடா மொதல்ல. புள்ளை சீட்ல உக்காந்து, கைப்பிடியைப் பிடிச்சிக்கினே ரெண்டு விரலால லீவரை எட்டணும். எட்டலன்னா லீவர் மண்டையில குட்டி ஸ்க்ரூ இருக்கும், உள்ள முறுக்கினா லீவர் கிட்ட வரும். அப்புறம் அவளே ஒரு லீவர் மட்டும் பிடிக்கட்டும், நீ சைக்கிளை முன்னாடி தள்ளு. சக்கரம் அப்படியே நிக்கணும். ரெண்டையும் தனித்தனியா பாரு. வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். மாத்தி மாட்டியிருந்தா கேபிள் மாத்தச் சொல்லு.

[காலை 11:41] ராணிப்பேட்டை சித்தி: டிஸ்க்கு இல்லாம மழையில நிக்குமா மாமா?

[காலை 11:47] குடியாத்தம் மாமா: நிக்கும்மா. நீலத்துல இருக்கிற வி பிரேக், ரெண்டு பக்கமும் ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கிறது, இந்த எடைக்கு தாராளம். மழையில மொதல் ஒரு சுத்து வழுக்கும், தண்ணி வழிச்சதும் பிடிக்கும். மலிவு டிஸ்க்குல ஒரு பக்க பேடு மட்டும்தான் நகரும். தட்டை வளைச்சித்தான் இன்னொரு பக்கம் பிடிக்கும். அந்தப் பக்க பேடு தேயத் தேய உள் ஸ்க்ரூவைத் திருப்பிக்கினே இருக்கணும். யாரும் திருப்ப மாட்டாங்க. சைக்கிள் சாஞ்சி தட்டு ஒரு தடவை வளைஞ்சா கர்ரு கர்ருன்னு உரசும். வி பிரேக்கை வீட்டுல நீயே சரி பண்ணலாம். கட்டைக்கும் ரிம்முக்கும் ரெண்டு பக்கமும் 1, ஒண்ணரை மி.மீ. கட்டையில இருக்கிற பள்ளக் கோடு மறைஞ்சா மாத்திடு, ஜோடியா.

[காலை 11:49] குடியாத்தம் மாமா: கட்டை டயர் மேல படக் கூடாது, ரிம் மேல மட்டும். டயர்ல பட்டா ஒரு வாரத்துல கிழிச்சிடும்.

[காலை 11:55] காட்பாடி தம்பி: கியர் முன்னாடி 32 பல், பின்னாடி பெரிய பல் 34. இது போதுமா? கடைக்காரர் 21 கியர்தான் மலைக்குன்னு சொல்றார்.

[மதியம் 12:04] பாகாயம் அண்ணன்: எத்தனை கியர்ங்கறது கணக்கே இல்லடா. மிக லேசான கியர் எவ்ளோ லேசுங்கறதுதான் கணக்கு. 32ஐ 34ஆல வகுத்தா 0.94. அதாவது பெடலை ஒரு சுத்து மிதிச்சா சக்கரம் 0.94 சுத்து சுத்தும், சைக்கிள் 1.8 மீட்டர் போகும். பின்னாடி 28 பல்லே பெருசுன்னா 2.2 மீட்டர், அவ்ளோ கனமா மிதிக்கணும். ஓட்டேரி தாண்டி பாலமதி மலை ஏத்தத்துல அந்த வித்தியாசம் தொடையில தெரியும். முன்னாடி மூணு பல் சக்கரம் இருந்தா இடது கைக்கும் கியர் மாத்தற ஷிஃப்டர் ஒண்ணு, சின்னப் புள்ளைக்குக் குழப்பம். செயின் கோணலா ஓடி அடிக்கடி கழண்டுக்கும். ஒண்ணு முன்னாடி, ஏழு பின்னாடி, அவ்ளோதான் வேணும்.

[மதியம் 12:06] பாகாயம் அண்ணன்: ஷிஃப்டர் முறுக்கறதா, கட்டை விரல்ல தள்ளறதா? எதுவா இருந்தாலும் அவளே ஏழையும் மாத்திக் காட்டட்டும். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடி, ஒருத்தர் பெடலைச் சுத்தணும்.

[மதியம் 12:15] காட்பாடி தம்பி: கட்டை விரல். மாத்திட்டா. 😊

[மதியம் 12:19] சத்துவாச்சாரி அக்கா: இதையே எடுக்கறோம். கடையில பில்லுல ஜிஎஸ்டி 12%ன்னு சொல்றாங்க, சரியா?

[மதியம் 12:22] காட்பாடி தம்பி: இல்லக்கா, 2025 செப்டம்பர் 22ல இருந்து சைக்கிளுக்கு 5%. பேசிட்டேன், மாத்திப் போடறாங்க. ஃப்ரேம் நம்பரையும் பில்லுல எழுதச் சொல்லிட்டேன். கிராங்க் அடியில பொறிச்சிருக்கு.

[மதியம் 12:30] குடியாத்தம் மாமா: டப்பாவுல இருந்து எடுத்து மாட்டும்போது பக்கத்துல நில்லுடா. தப்பு நடக்கிறது அங்கதான். முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கு பின்பக்கமா திரும்பிடும். முன் வி பிரேக் கை முன்னாடி பக்கம் இருக்கணும், உள்பக்கம் இருந்தா ஃபோர்க்கு திரும்பிக்கினு இருக்குன்னு அர்த்தம். இடது பெடல் எதிர் மரை. வலதை கடிகாரம் சுத்தற பக்கம் முறுக்கணும், இடதை அதுக்கு எதிர்ப்பக்கம். மொதல் மூணு சுத்து கையாலதான் போகணும், கூட துளி கிரீஸ். மொதல்லயே ஸ்பேனர் போட்டா மரை கோணலா ஏறிடும். அலுமினியம் மரை ஒரு தடவை போச்சுன்னா கிராங்க்கையே மாத்தணும்.

[மதியம் 12:33] குடியாத்தம் மாமா: முன் சக்கரத்தை உன் முட்டி நடுவுல இடுக்கிக்கினு ஹேண்டிலைத் திருப்பிப் பாரு. தனியா திரும்பினா ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம் போல்ட்டு இறுகல. ரெண்டு சக்கரத்தையும் சுத்திவிட்டு கோட்டம் பாரு, கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல உள்ள சந்துல தெரியும்.

[மதியம் 12:36] பாகாயம் அண்ணன்: சீட்டு கம்பியில ஒரு கோடு இருக்கும், அதுக்கு மேல வெளிய வரக் கூடாது. மொதல் வாரம் ரெண்டு பாதமும் முழுசா தரையில படற மாதிரி வை. பழகினதும் ஏத்து. பெடல் கீழ இருக்கும்போது குதிகாலை வச்சா கால் நேரா நீளணும், அதான் சரியான உயரம்.

[மதியம் 2:10] ராணிப்பேட்டை சித்தி: ஹெல்மெட்டை மறந்துட்டீங்களே. புருவத்துக்கு மேல ஒரு விரக்கடை விட்டு தலையைச் சுத்தி டேப்பால அளங்க. அந்த அளவுக்குதான் வாங்கணும், வளரும்னு பெருசா வாங்காதீங்க. உள்பக்க ஸ்டிக்கர்ல சைக்கிள் ஹெல்மெட்டுக்கான பாதுகாப்புத் தரம் இஎன் 1078ன்னு இருக்கணும். மாட்டினா புருவத்துக்கு மேல ரெண்டு விரல், காதைச் சுத்தி வார் 'வி' மாதிரி, தாடைக்குக் கீழ ஒரு விரல் நுழையற அளவு. பட்டனைப் போடாம தலையை ஆட்டச் சொன்னா நழுவக் கூடாது. பைக் ஹெல்மெட்டை மாட்டி விடாதீங்க, சின்னக் கழுத்து அந்த எடையைத் தாங்காது.

[மதியம் 2:12] சத்துவாச்சாரி அக்கா: 52 செ.மீ. வருது சித்தி. சாயங்காலம் வாங்கிடறோம்.

[மாலை 4:40] சத்துவாச்சாரி அக்கா: வீட்டுக்கு வந்தாச்சு. பஞ்சர் பத்தி சொல்லுங்க மாமா, ஏரிக்கரைப் பக்கம் பூரா முள்ளுதான்.

[மாலை 4:58] குடியாத்தம் மாமா: நம்ம பக்கம் ரெண்டு முள்ளும்மா. நெருஞ்சி சின்னது, மெல்லிசு டயர்ல குத்தும். வேலிக்காத்தான் முள்ளு செருப்பையே துளைக்கும், டயர் எம்மாத்திரம். பஞ்சர் ஒட்டினதும் டயருக்கு உள்பக்கம் பூரா ஒரு பஞ்சுத் துண்டால சுத்தித் துடை. முள்ளு மிச்சம் இருந்தா பஞ்சு அங்க மாட்டிக்கும். விரலால தடவாத, கிழிச்சிடும். அந்த மிச்ச முள்ளுதான் மறுநாளே திரும்பவும் பஞ்சர் ஆக்கும். பஞ்சர் கடைக்காரன் மேல பழி போடறாங்க பாவம்.

[மாலை 5:02] பாகாயம் அண்ணன்: இதுல டியூப்ல காத்தடிக்கிற மௌத் பழைய சைக்கிள் வால்டியூப் மௌத் இல்ல, பைக் டியூப் மாதிரி. மௌத்துக்கு உள்ள இருக்கிற பின்னைக் கழட்டி, பஞ்சர் சீலன்ட் 90, 100 மி.லி. ஊத்திடலாம். சின்ன முள்ளுக்குத் தானா அடைச்சிக்கும். பழைய டியூபை வெட்டி நடுவுல வைக்கிறதும் உண்டு, ஆனா சக்கரம் கனமாயிடும், நான் அதைச் சொல்ல மாட்டேன்.

[மாலை 5:04] பாகாயம் அண்ணன்: டயர் வாங்கும்போது 24 இன்ச்னு மட்டும் கேக்காத. பக்கவாட்டுல 50-507னு இருக்கும், அந்த 507தான் ரிம் அளவு. 24 இன்ச்னு 540 ரிம் டயரும் விக்குது, அது உக்காராது.

[மாலை 5:20] குடியாத்தம் மாமா: செயினுக்குத் தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் ஊத்தாத. பாலாத்து மணலு பூரா ஒட்டிக்கும், பல்லைத் தின்னுடும். செயின் ஆயில் கண்ணிக்கு ஒரு சொட்டு, பெடலைப் பின்னாடி சுத்திட்டு துணியால நல்லா துடைச்சிடு. வெளியில எண்ணெய் தெரியவே கூடாது.

[மாலை 5:31] பாகாயம் அண்ணன்: வலது பக்கமா சைக்கிள் விழுந்தா உடனே ஓட்ட விடாத. பின்னாடி நின்னு பாரு. பின்சக்கரத்துக்கிட்ட செயினை நகர்த்தி கியர் மாத்தற பாகத்துல இருக்கிற ரெண்டு குட்டிப் பல் சக்கரமும் செங்குத்தா தொங்கணும். உள்பக்கம் சாஞ்சிருந்தா அதை ஃப்ரேம்ல பிடிக்கிற ஹேங்கர் வளைஞ்சிடுச்சு. அப்படியே பெரிய பல்லுக்கு மாத்தினா அது ஸ்போக்ஸ் கம்பிக்குள்ள போய் சக்கரமே நின்னுடும்.

[மாலை 5:33] பாகாயம் அண்ணன்: பாலமதி ஏத்தம் பழகலாம். இறக்கம் இப்போதைக்கு வேணாம்மா, நான் கூட வர்றேன். பிரேக்கைப் பிடிச்சிக்கினே இறங்கினா ரிம் சுடும், கை சோர்ந்துடும். விட்டு விட்டு ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கக் கத்துக்கணும், அதுக்கு ஒரு மாசம் தெருவுல ஓட்டட்டும்.

[மாலை 6:15] காட்பாடி தம்பி: மாட்டும்போது பக்கத்துலயே நின்னேன் மாமா. ஃபோர்க்கு சரி. இடது பெடல் கையால நாலு சுத்து போச்சு. முன் சக்கரத்துல மட்டும் லேசா கோட்டம், எடுத்துக் குடுத்துட்டார்.

[மாலை 6:19] குடியாத்தம் மாமா: நல்லது. ஒரு மாசத்துல திரும்ப அங்கயே இட்டுக்கினு போ. புது கேபிள் தளர்ந்திருக்கும், கியர் ஒண்ணு விட்டு ஒண்ணு தாவும். கிராங்க் போல்ட்டு, ஸ்போக்ஸ் ரெண்டையும் இறுக்கச் சொல்லு.

[மாலை 6:24] சத்துவாச்சாரி அக்கா: காலண்டர்ல குறிச்சிட்டேன் மாமா. பாப்பா இப்ப லீவர் ஸ்க்ரூவை அவளே திருப்பிக்கினு இருக்கா, இன்னும் கொஞ்சம் கிட்ட வரணுமாம்.

[மாலை 6:26] குடியாத்தம் மாமா: திருப்பட்டும். லீவரை முழுசா அழுத்தினா கைப்பிடியில முட்டாம பாத்துக்கோ, முட்டினா கேபிளை ஒரு இழுப்பு இழுத்து இறுக்கணும்.