செஸ்னா 172 (ஜி1000 டிஜிட்டல் திரை): ஆட்டோபைலட் ஃபிளைட் பிளானைப் பிடிக்க மாட்டேங்குது

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர். போயிங் ஃபீல்டிலிருந்து ஒலிம்பியா, பேட்டில் கிரவுண்ட் விஓஆர் (தரையிலுள்ள ரேடியோ வழிகாட்டி நிலையம்) வழியாக போர்ட்லாண்ட், 7,000 அடி. ரன்வே 14ஆர்-லிருந்து கிளம்பி ஏபி (ஆட்டோபைலட்), நேவ் (பிளான் கோட்டைப் பின்பற்றும் மோடு) இரண்டையும் அமுக்கினால் விமானம் நேராகவே போகிறது. வி.எஸ் (நிமிடத்துக்கு எத்தனை அடி ஏற வேண்டும் என்று வைக்கும் மோடு) 1,000 வைத்தால் 5,000 அடி தாண்டியதும் வேகம் விழுந்து ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) ஹாரன் அடிக்கிறது. போர்ட்லாண்டில் ரன்வே 10ஆர்-இன் ஐஎல்எஸ் (தரையிறங்க வழிகாட்டும் ரேடியோ சிக்னல்) கிளைடு ஸ்லோப்பும் (இறங்கும் சரிவு) பிடிக்கவில்லை. 10 மைலில் 5,000 அடியில் இருந்தேன். எங்கே தப்பு?

பதில் 1:
முதலில் எச்எஸ்ஐ (திரையிலுள்ள திசைவட்டம்) ஊசியின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் ஆட்டோபைலட் விஓஆர் சிக்னலைத் தேடுகிறது, உங்கள் பிளானை அல்ல. சி.டி.ஐ சாஃப்ட்கீயை (திரைக்குக் கீழுள்ள பொத்தான்) மெஜந்தா வரும்வரை அமுக்குங்கள்.

அப்படியும் திரும்பாவிட்டால் திரையின் மேல்வரியைப் படியுங்கள். ‘ஜிபிஎஸ்’ வெள்ளையில் இருந்தால் அது காத்திருக்கிறது, பச்சையானால்தான் வேலை செய்கிறது. 14ஆர் தென்கிழக்கே பார்க்கும் ரன்வே, ஒலிம்பியாவோ தென்மேற்கே. நேராக ஏற ஏறக் கோடு வலப்பக்கம் விலகிப்போகும். ஹெடிங் பக்கை (திசைக் குறி) 240-ல் வைத்து ஹெடிங் மோடில் திருப்பிவிட்டு நேவ் அமுக்குங்கள். கோடு நெருங்கும்போது தானே பிடித்துக்கொள்ளும்.

பதில் 2:
வி.எஸ் மோடு வேகத்தைப் பற்றிக் கவலைப்படாது. 172எஸ் முழு எடையில் கடல் மட்டத்திலேயே நிமிடத்துக்கு 730 அடிதான் ஏறும். மேலே போகப்போக அதுவும் குறையும். 1,000 கேட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டே போய் ஸ்டாலில்தான் நிற்கும். எஃப்.எல்.சி (வைத்த வேகத்தைக் காத்தபடி ஏறும் மோடு) போடுங்கள்: ஆல்ட் குமிழில் 7,000, ஃபுல் த்ராட்டில், வேகம் 80 நாட். ‘நோஸ் அப்’, ‘நோஸ் டவுன்’ பொத்தான்கள் இந்த மோடில் வேகத்தை ஒவ்வொரு நாட்டாக மாற்றும். 3,000 அடிக்கு மேல் மிக்ஸ்சரை லீன் பண்ணாவிட்டால் (எரிபொருள் விகிதத்தைக் குறைக்காவிட்டால்) ஏற்றம் இன்னும் மந்தம்.

‘ஆல்ட்’ பொத்தானை மட்டும் தொடாதீர்கள். அது 7,000-க்குக் கொண்டுபோகாது, இருக்கிற உயரத்திலேயே நிறுத்திவிடும். பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பதில் 3:
கிளைடு ஸ்லோப் பிடிக்காததற்கு உயரம்தான் காரணம். 3 டிகிரி சரிவில் கடல் மைலுக்குச் சுமார் 320 அடி. 10 மைலில் 3,200 அடியில் இருக்க வேண்டும். நீங்கள் 1,800 அடி மேலே. கீழிருந்துதான் பிடிக்க வேண்டும். 7,000-லிருந்து 3,000-க்கு நிமிடத்துக்கு 500 அடி இறங்கினால் 8 நிமிடம். 120 நாட்டில் 16 மைல். அந்தக் கணக்குப்படி பேட்டில் கிரவுண்டுக்கு முன்பே இறங்கத் தொடங்குங்கள்.

பிராக் (தரையிறங்கும் முறைகள்) பக்கத்தில் ஐஎல்எஸ்ஸை ஆக்டிவேட் செய்து, ஊசி பச்சைக்கு மாறியதா என்று பார்த்துவிட்டு ஏ.பி.ஆர் (அப்ரோச் மோடு) அமுக்குங்கள். (கோட்டில் போகும்போது மெஜந்தா, இங்கே பச்சை.) லோக்கலைசர் (ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டும் சிக்னல்) பிடிக்காமல் கிளைடு ஸ்லோப் பிடிக்காது. 200 அடியில் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டுக் கையால் இறக்குங்கள்.

கேட்டவர்:
ஏற்றமும் ஐஎல்எஸ்ஸும் சரியாகிவிட்டன, நன்றி. ஆனால் ஒலிம்பியாவை 3 மைல் தள்ளிக் கடந்ததால் திரும்பி அதற்கே போகப் பார்க்கிறது.

பதில் 1:
லெக் (இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதி) இன்னும் மாறவில்லை. எஃப்.பி.எல் (ஃபிளைட் பிளான்) பக்கம், எஃப்எம்எஸ் குமிழை அமுக்கிக் கர்சரை பேட்டில் கிரவுண்டில் வையுங்கள், மெனு, ‘ஆக்டிவேட் லெக்’, என்டர் இருமுறை. டைரக்ட்-டு போட்டாலும் போகும்; ஆனால் அது பழைய கோட்டை விட்டு, இருக்கும் இடத்திலிருந்து புதுக்கோடு போடும்.