வீ யூ விற்காமல் போனதற்குப் பெயரா காரணம்?

பொத்தான்வேந்தன்:
நேற்று இந்த மன்றத்தில் முதல்நாள்வாங்கி போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: "நிண்டெண்டோவின் வீ யூ தோற்றதற்கு ஒரே காரணம் பெயர். வேறு பெயர் வைத்திருந்தால் பிய்த்துக்கொண்டு போயிருக்கும்." அதற்குப் பலர் தலையாட்டியும் இருக்கிறார்கள். எனக்கு இரவு தூக்கம் போனதுதான் மிச்சம். 2012 நவம்பரில் வந்து 2017 ஜனவரியில் உற்பத்தி நின்ற வீடியோ கேம் பெட்டி அது. மொத்தம் விற்றது 1 கோடியே 35 லட்சத்துச் சொச்சம். அதற்கு முந்தைய வீ 10 கோடியைத் தாண்டியது. வந்த கூட்டத்தில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேரை ஒரே ஒரு எழுத்து விரட்டிவிட்டதாம்! பேயோட்டுகிறவர்கள் கூட இந்த வேகத்தில் ஓட்டியதில்லை.

முதல்நாள்வாங்கி:
தூக்கம் கெட்டதற்கு வருந்துகிறேன். சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். 2011 ஜூனில் அறிமுகம் செய்தபோது திரும்பத் திரும்பக் காட்டியது அதை ஆடப் பயன்படும் திரை வைத்த கைப்பலகையை மட்டும்தான். பெட்டியைத் தேட வேண்டியிருந்தது. என் மாமா வீட்டில் ஏற்கெனவே வீ இருந்தது. "நம்மிடம்தான் வீ இருக்கிறதே, அந்தப் பலகையை மட்டும் வாங்கினால் போதாதா?" என்று என்னிடம் கேட்டார். பழைய வீயோடு ஒரு பலகையைச் சேர்த்ததுதான் இது என்று மக்கள் தவறாக நினைப்பதை, நிறுவனத் தலைவராக இருந்த இவாட்டாவே 2013இல் ஒப்புக்கொண்டார். மாமாவும் இவாட்டாவும் ஒரு பக்கம். வேந்தர் தனியாக ஒரு பக்கம்.

பொத்தான்வேந்தன்:
மாமா வந்துவிட்டார், இனி ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான டிஎஸ்ஸுக்குப் பின் 3டிஎஸ் என்று ஒன்று வந்ததே, அது மட்டும் தெளிவான பெயரா? அதையும் பழைய டிஎஸ்ஸின் முப்பரிமாண வகை என்றுதான் பலர் நினைத்தார்கள். அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது, முக்கியது, முனகியது. 2011 ஆகஸ்டில் 170 டாலருக்கு இறக்கினார்கள். கடைசியில் ஏழரைக் கோடி விற்றது. பெயரையா மாற்றினார்கள்?

முதல்நாள்வாங்கி:
டிஎஸ் விற்றது 15 கோடிக்கு மேல். அதில் பாதிதான் 3டிஎஸ். மீதிப் பாதி எங்கே போயிற்று? பெயர்! விலை என்று குதிக்கிறீர்களே, வீ யூவுக்கும் 2013 செப்டம்பரில் 50 டாலர் குறைத்தார்கள். விற்றதா?

கணக்கன்:
இடையில் ஒரு கணக்கு. மரியோ கார்ட் 8 வீ யூவில் ஏறத்தாழ 84 லட்சம் விற்றது. பெட்டி வாங்கியவர்களில் பத்துக்கு ஆறு பேர் அந்த ஆட்டத்தை வாங்கியிருக்கிறார்கள். அதே ஆட்டத்தைக் கொஞ்சம் மெருகேற்றி 2017இல் நிண்டெண்டோவின் அடுத்த பெட்டியான ஸ்விட்சில் விட்டார்கள். 6 கோடியைத் தாண்டிவிட்டது. ஆகவே சரக்கில் குறையில்லை.

முதல்நாள்வாங்கி:
நன்றி கணக்கரே. ஸ்விட்ச்! புதுப் பெயர். வழக்கு முடிந்தது.

பொத்தான்வேந்தன்:
கையில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றலாம் என்பதால் ஸ்விட்ச் விற்றது. வீ யூவின் பலகை பெட்டியை விட்டு ஏறத்தாழ 25 அடி தாண்டினால் இணைப்பு அறுந்துபோகும். மின்கலம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி நேரம். 6.2 அங்குலத் திரை கொண்ட அந்தப் பலகையை ஒவ்வொரு பெட்டியோடும் கட்டாயமாகத் தலையில் கட்டியதால், உள்ளே போட வேண்டிய வலுவில் கை வைத்தார்கள். நினைவகம் 2 ஜிபி, அதிலும் ஆட்டங்களுக்குக் கிடைத்தது பாதி. மறு ஆண்டே சோனியின் பிளேஸ்டேஷன் 4 வந்தது, 8 ஜிபியோடு. ஆட்டம் தயாரிக்கிறவன் எந்தப் பக்கம் போவான்? ஆட்டம் தயாரிக்கும் இஏ நிறுவனம் 2011 அறிமுக மேடையில் தோளில் கை போட்டது; நான்கைந்து ஆட்டங்களோடு நடையைக் கட்டியது. ரேமேன் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டம் 2013 பிப்ரவரியில் வீ யூவுக்கு மட்டும் வருவதாக இருந்தது. மற்றப் பெட்டிகளுக்கும் சேர்த்து விடலாம் என்று அதைத் தயாரித்த யூபிசாஃப்ட் நிறுவனம் செப்டம்பருக்குத் தள்ளியது. யூபிசாஃப்டின் மாமாவும் குழம்பிவிட்டாரா?

முதல்நாள்வாங்கி:
என் மாமாவை விடுங்கள். அவர்கள் ஓடியது பெட்டி விற்காததால். பெட்டி விற்காதது பெயரால். இதில் எது புரியவில்லை?

பொத்தான்வேந்தன்:
நிண்டெண்டோவின் பழைய பெட்டிகளையே பாருங்கள். கேம்கியூப் என்ற பெயரில் யாருக்கு என்ன குழப்பம்? அது ஏன் 2 கோடியே 17 லட்சத்தோடு நின்றது? சூப்பர் நிண்டெண்டோ என்று முன்னால் ஒரு சொல்லை மட்டும் ஒட்டியதே, அது எப்படி 4 கோடியே 91 லட்சம் விற்றது? பதில் சொல்லுங்கள். விற்பனை தோல்விக்குப் பெயரைக் குறை சொல்வது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

ஒற்றுக்காவலர்:
"விற்பனைத் தோல்வி". ஒற்று மிகும்.

பொத்தான்வேந்தன்:
வந்துவிட்டீர்களா?

ஒற்றுக்காவலர்:
மேலும், "வீ யூ" என்று பிரித்து எழுதுவதா, "வீயூ" என்று சேர்த்து எழுதுவதா? "வி யு" என்று குறிலாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கணக்கன்:
குறில்தான் சரி என்று நான் போன மாதமே எழுதியிருந்தேன். யாரும் மதிக்கவில்லை.

முதல்நாள்வாங்கி:
பார்த்தீர்களா? தமிழில் எழுதக்கூட ஆளுக்கொரு விதம். குழப்பமில்லாத பெயராம்!

பொத்தான்வேந்தன்:
ஒற்றுச் சண்டையை விற்பனைச் சான்றாகக் கொண்டுவரும் துணிச்சல் உமக்கு மட்டுமே வரும். சேகாவின் ட்ரீம்காஸ்ட் பெட்டி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் வேறு கதை பேசிவிட்டுக் காணாமல் போனீர்.

முதல்நாள்வாங்கி:
அன்று எனக்குக் காய்ச்சல். பலமுறை சொல்லிவிட்டேன். நீங்கள் வென்றதாக நினைத்துக்கொண்டிருந்தால் அது உங்கள் மகிழ்ச்சி.

கணக்கன்:
ஒரு சந்தேகம். அந்த மாமா கடைசியில் எதை வாங்கினார்?

முதல்நாள்வாங்கி:
பிளேஸ்டேஷன் 4. மூன்றுக்குப் பின் நான்கு. குழந்தைக்கும் புரியும்.

பொத்தான்வேந்தன்:
அதில் ஆட்டங்கள் இருந்தன ஐயா, ஆட்டங்கள்! போகட்டும். 3டிஎஸ் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பெயரையா மாற்றினார்கள்?

முதல்நாள்வாங்கி:
பாதி என்று மேலே சொன்னேனே. கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

ஒற்றுக்காவலர்:
கணக்கன் அவர்களுக்கு: "யூ" நெடில்தான். ஏன் என்று காலையில் விரிவாக எழுதுகிறேன்.