2020 கொரோனா காலம், இலங்கை: பள்ளிவாசல் திறந்தாச்சி, ஹவ்ழு தண்ணித் தொட்டிக்கும் வயசான ஆக்களுக்கும் என்ன செய்யிற?

நிந்தவூர் தம்பி:
அஸ்ஸலாமு அலைக்கும். கொரோனாவால 2020 மார்ச்ல மூடின பள்ளிகள இப்ப திறக்க விட்டிரிக்காங்க, ஆனா 50 பேருக்கு மேல எடுக்கேலா. எங்கட மஹல்லா பள்ளி சின்னது, நிருவாகத்துல நானும் இரிக்கன். மாஸ்க் போடுங்க, முஸல்லா (தொழுகை விரிப்பு) கொண்டு வாங்க, ஊட்டுல வுழூ (தொழுகைக்கு முன்ன முகம், கை, கால் கழுவுறது) செஞ்சிட்டு வாங்க எண்டு நோட்டிஸ் ஒட்டியாச்சி. ஹவ்ழ மூடுவம் எண்டா பெரியாக்கள் ஏசுறாங்க, 70 தாண்டின சீனி வருத்தக்காரர் சிலபேர் சுபஹு தொழுகைக்கே முதல் ஸஃப்ல (வரிசையில) வந்து நிக்காங்க, அவங்கள எந்த வாயால திரும்பிப் போங்க எண்டு சொல்ற? உங்கட ஊருகள்ள என்ன செஞ்சீங்க?

காத்தான்குடி காக்கா:
வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. மூடி மட்டும் வச்சா ஆராச்சும் திறப்பாங்க, நாங்க ஹவ்ழு தண்ணிய முழுசா வடிச்சிட்டம், சும்மா தேங்கி நிண்டா நுளம்பும் பெருகும், டெங்கும் நமக்கு வேணுமா? அவசரத்துக்கு பைப்பும் சவர்க்காரமும் இரிக்கி. கார்பட்ட சுருட்டியாச்சி, ஏசிய நிப்பாட்டி ஜன்னல் எல்லாம் திறந்துட்டம், புழுக்கம்தான், பரவால்ல. நீங்க கவனிக்க வேண்டியது ஸலாம் குடுத்து தொழுகை முடிஞ்ச பிறகு வாசல்ல செருப்புத் தேடுற நெருக்கம், உள்ளுக்க ஒரு மீட்டர் விட்டு நிண்டவங்க அங்க தோளோட தோள் முட்டுறாங்க. பின் ஸஃப் முதல்ல போகட்டும், சுன்னத்த (கூடுதல் தொழுகைய) ஊட்டுல தொழட்டும்.

கல்முனை ராத்தா:
வார்டுல வேல செய்யிறவள் எண்ட முறையில சொல்றன். நிலம் துடைக்க 5% குளோரின் திரவம் எண்டா ஒரு லீட்டர் தண்ணிக்கு 20 மில்லி, 10 நிமிஷம் ஊறட்டும், அண்டண்டைக்கு கலக்கணும். டொய்லட் கழுவுற அசிட்டோட கலந்துடாதீங்க, நச்சுப்புகை வரும். ஆக்கள் மேல அடிக்கிறதும் கூடாது. காய்ச்சல் பார்க்கிற மெஷின மட்டும் நம்பாதீங்க, காய்ச்சலே இல்லாதவர்ட்ட இருந்தும் தொத்தும், அதுனாலதான் மாஸ்க் மூக்குக்கு மேல இரிக்கணும்.

சம்மாந்துறையான்:
தம்பி, பெரியாக்கள வாசல்ல நிக்கிற பொடியனால திருப்பி அனுப்பாதீங்க, அவங்களுக்கு பள்ளிதான் உசிர். மௌலவியக் கூட்டிட்டு ஊட்டுக்கே போய் பேசுங்க. ரெண்டாவது கலீபா உமர் ரழியல்லாஹு அன்ஹு ஷாமுக்குப் (சிரியா பக்கம்) போற வழியில ஸர்க் எண்ட இடத்துல வச்சி கொள்ளைநோய் செய்தி கேட்டு திரும்பினாங்க, அல்லாஹ்ட கத்ர (விதிய) விட்டு ஓடுறீங்களா எண்டு தளபதி அபூ உபைதா கேட்டதுக்கு, கத்ர விட்டு கத்ருக்கேதான் போறம் எண்டு சொன்னாங்க. கடும் மழை ராவுல இருப்பிடத்துலயே தொழுங்க எண்டு பாங்குல சொல்லச் சொன்ன ஹதீஸும் இரிக்கி. எங்கட பெரியப்பாக்கு மௌலவி வந்து இதச் சொன்ன பிறகுதான் மனசு ஆறிச்சி, இப்ப ஊட்டுல பேரன்மாரோட ஜமாஅத்தா (கூட்டா) தொழுறாரு.