குழந்தையின் அன்றாட நாட்குறிப்பில் பெற்றோருக்கு எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது?

கேள்வி
எழுதியவர்: வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்

அனைவருக்கும் வணக்கம். பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் மூன்று குழந்தைகளை என் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு குழந்தைக்கு 7 மாதம், அடுத்தவளுக்கு ஒன்றரை வயது, மூத்தவனுக்கு 3 வயது. தொடங்கிய நாளிலிருந்தே ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு வைத்து, அன்று நடந்ததை எழுதி, மாலையில் பையோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

மதியம் பிள்ளைகள் தூங்கும்போதுதான் எழுத உட்காருவேன். மூவரும் ஒரே நேரத்தில் தூங்குவது அரிது என்பதால், பெரும்பாலான நாட்களில் ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே காலையில் நடந்ததையெல்லாம் நினைவுபடுத்தி எழுத வேண்டியிருக்கிறது. பக்கம் நிறைய எழுதினால் படிக்க நேரமில்லை என்று ஒரு வீட்டில் சொல்கிறார்கள். நான்கு வரி எழுதினால் நாள் முழுவதும் இவ்வளவுதானா நடந்தது என்று இன்னொரு வீட்டில் கேட்கிறார்கள்.

போன வாரம் நடந்த ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. சின்னக் குழந்தையின் நோட்டில், ‘இன்று சரியாகத் தூங்கவில்லை, கொஞ்சம் சிணுங்கினாள்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் காலையில் அவளுடைய அம்மா, எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தாள், கடைசியாகப் பால் குடித்தது எப்போது, எவ்வளவு குடித்தாள் என்று கேட்டார். எதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முந்தைய இரவு குழந்தை விடாமல் அழுதிருக்கிறாள். பசியா, தூக்கமா, வலியா என்று தெரியாமல் அவர்கள் தவித்திருக்கிறார்கள். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் நான் எழுதிய அந்த வரியால் அவர்களுக்கு எந்தப் பயனும் இருக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

நீங்கள் எதையெல்லாம் எழுதுகிறீர்கள், எப்போது எழுதுகிறீர்கள்? நோட்டு நல்லதா, கைப்பேசி நல்லதா? ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டால் இரண்டு வீட்டாருக்கும் எப்படி எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: 14 ஆண்டுகளாக இந்தப் பணியில் இருப்பவர்

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. அந்த அம்மா கேட்டவை எல்லாம் அன்றைய இரவுக்குத் தேவையானவை. மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அடுத்த சில மணி நேரத்தில் எதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

பாலைப் பொறுத்தவரை, கொடுத்த அளவும் குடித்த அளவும் வேறு வேறு. ‘பால் குடித்தாள்’ என்று எழுதாமல், ‘10.15க்கு 150 மில்லி கொடுத்தேன், 90 குடித்தாள், மீதியைக் கொட்டிவிட்டேன்’ என்று எழுதுகிறேன். பால் மாவில் கலந்த பாலைக் குழந்தை வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கியபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், மீதி என்ன ஆனது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது என் வழக்கம். தாய்ப்பாலைச் சேமித்துக் கொடுத்தனுப்பும் அம்மாவுக்கு இந்த அளவு இன்னும் முக்கியம், ஏனென்றால் நாளைக்கு எவ்வளவு எடுத்து வைப்பது என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். தூக்கத்துக்கும் தொடங்கிய நேரம், எழுந்த நேரம் இரண்டும் வேண்டும். 4 மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு இரவும் பகலும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவைப்படும். பகலில் உங்கள் வீட்டில் தூங்கியது எவ்வளவு என்று தெரியாவிட்டால், இரவுக்கு எவ்வளவு மிச்சம் என்பதைப் பெற்றோர் எப்படிக் கணக்கிடுவார்கள்?

நோட்டில் காலைப் பகுதி என்று ஒன்று இருக்க வேண்டும், அதைப் பெற்றோர் நிரப்பித் தர வேண்டும். இதை நான் ஒரு பயத்திலிருந்து கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தைக்கு மதியத்துக்கு முன்பாகக் காய்ச்சல் ஏறியது. காய்ச்சல் வந்தால் கொடுக்கும்படி பெற்றோர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த பாராசிட்டமால் மருந்தை அளந்து கையில் எடுத்துவிட்டேன். ஏதோ தோன்றி அவர்களுக்குத் தொலைபேசியில் பேசியபோதுதான், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒரு தடவை கொடுத்துவிட்டோம் என்றார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த மருந்தின் இரண்டு வேளைகளுக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும், 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் போகக் கூடாது. அன்று கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு, இரவு எப்படித் தூங்கியது, காலையில் என்ன சாப்பிட்டது, ஏதாவது மருந்து கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் எத்தனை மணிக்கு என்ற நான்கையும் எழுதித் தராமல் எந்தக் குழந்தையையும் நான் வாங்கிக்கொள்வதில்லை. நின்றபடியே ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம்.

மதியம் உட்கார்ந்து எழுதுவதை விட்டுவிடுங்கள். டயப்பர் மாற்றும் இடத்துக்கு மேலே சுவரில் ஒரு தாளும், கயிற்றில் கட்டிய பென்சிலும் தொங்குகின்றன. மாற்றியவுடன், கை கழுவித் துடைத்துவிட்டு, நேரத்தைப் போட்டு ‘ஈரம்’ அல்லது ‘மலம்’ என்று ஒரு சொல். சமையலறையிலும் அதேபோல் ஒரு தாள். மாலையில் அவற்றை நோட்டில் பெயர்த்து எழுத ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. நினைவிலிருந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே நாளைப் போலவே இருக்கும்; அடுத்தடுத்து மூன்று டயப்பர் உலர்ந்தே இருந்தது என்பது தாளில்தான் கண்ணில் படும், நினைவில் படாது.

முதல் அடி, முதல் சொல் போன்றவற்றை மட்டும் நான் ‘முதல்’ என்று எழுதுவதில்லை. ‘நாற்காலியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுச் சிறிது நேரம் நின்றாள்’ என்று எழுதுவேன். முதல் அடியை அவர்கள் தங்கள் வீட்டிலேயே பார்க்கட்டும்.

பதில் 2
எழுதியவர்: ஒரு குழந்தையின் தாய்

மேலே எழுதியவர் சொன்ன கடைசிக் கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் எங்கள் மேல் உள்ள அக்கறையால்தான் அப்படிச் செய்கிறார் என்பது புரிகிறது. ஆனால் என் மகன் எழுந்து நடந்தது நாங்கள் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்த ஒருவரின் முன்னால் என்றால், அதை அவர் அறிந்தும் நான் அறியாமலும் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கும். சேர்க்கும் நாளிலேயே, இப்படி நடந்தால் சொல்லட்டுமா, நீங்களே பார்க்கும் வரை காத்திருக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வீடு விடை மாறும்.

பெற்றோர் பக்கத்திலிருந்து இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். அளவும் நேரமும் மட்டும் உள்ள நோட்டு எனக்குப் போதாது. என் மகனைப் பார்த்துக்கொண்டவர் தினமும் அட்டவணைக்குக் கீழே இரண்டு வரி எழுதுவார். ஒரு நாள், ‘வாசலில் விழுந்த வெயிலைக் கையால் எடுக்கப் பார்த்தான், கையை மூடித் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் முயன்றான்’ என்று எழுதியிருந்தார். நாள் முழுவதும் அவனைப் பிரிந்திருந்த எனக்கு அந்த வரி அன்றைய நாளில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்தது. பக்கம் நிறைய வேண்டாம், அன்றைக்கு மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரி போதும். ‘நன்றாக விளையாடினான்’ என்பது எந்தக் குழந்தைக்கும், எந்த நாளுக்கும் பொருந்தும் என்பதால் அதைப் படித்து எனக்கு எதுவும் தெரிவதில்லை.

பதில் 3
எழுதியவர்: குழந்தைகள் காப்பகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர்

கடித்தல் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். 1 முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகள் கடிப்பது பரவலாகக் காணப்படும் ஒன்று. சொல்ல வார்த்தை கிடைக்காதபோது பல் முந்திக்கொள்கிறது. கடிபட்ட குழந்தையின் நோட்டில் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, தோல் கிழிந்ததா இல்லையா, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். ‘மற்றொரு குழந்தை’ என்பதற்கு மேல் அங்கே எதுவும் வேண்டாம், பெயர் கூடவே கூடாது. தோல் கிழிந்திருந்தால் சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, மாலை வரை காத்திராமல் உடனே பெற்றோரை அழைத்துச் சொல்லி, மருத்துவரிடம் காட்டச் சொல்வது அவசியம். கடித்த குழந்தையின் நோட்டில் கடிப்பதற்கு முன் என்ன நடந்தது என்பது தான் முக்கியம். ‘பொம்மை வண்டியை இன்னொரு குழந்தை எடுத்தபோது கடித்தான்’ என்று எழுதினால் பெற்றோர் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும். ‘இன்று முரட்டுத்தனமாக இருந்தான்’ என்று எழுதினால் மகனைத் திட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்காது.

இது கடிப்பதற்கு மட்டும் பொருந்துவதன்று. அடம், சோம்பல், முரடு, சமர்த்து போன்ற தீர்ப்புச் சொற்களை நோட்டில் எழுதுவதையே நான் தவிர்க்கச் சொல்வேன். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள்கூட, செங்கீரை, சப்பாணி, வாரானை என்று தலை நிமிர்த்தி ஆடுவது, கை கொட்டுவது, நடந்து வருவது என்று குழந்தை செய்வதை வைத்தே சில பருவங்களுக்குப் பெயரிட்டார்கள். நாமும் குழந்தை செய்ததையே எழுதினால் போதும்.

அடிபட்டால் நாட்குறிப்பில் ஒரு வரியோடு முடித்துக்கொள்ளாமல், தனித் தாளில் நேரம், இடம், எப்படி நடந்தது, யார் பார்த்தார், என்ன முதலுதவி செய்தீர்கள் என்று எழுதி, பெற்றோரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடி என்றால் சிறியதாகத் தோன்றினாலும் உடனே தெரிவித்துவிட வேண்டும், ஏனென்றால் வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், நடையில் தடுமாற்றம் போன்றவை தெரிகின்றனவா என்று அடுத்த ஒன்றிரண்டு நாட்கள் கவனிக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். வரும்போதே உடலில் இருக்கும் காயத்தையும் தழும்பையும் காலையிலேயே அவர்கள் முன்னால் குறித்துக்கொள்வதும் இருவருக்கும் பாதுகாப்பு. சில குழந்தைகளுக்கு முதுகின் அடிப்பகுதியில் பிறவியிலேயே நீலச் சாம்பல் நிறப் படை இருக்கும். பார்த்தால் அடிபட்டுக் கன்றியது போலவே தோன்றும். சேர்ந்த முதல் நாளே அதை எழுதி வைக்காததால் வீணான சந்தேகமும் கண்ணீரும் வந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நோட்டா, கைப்பேசியா என்ற கேள்விக்கு என் விருப்பம் நோட்டுதான். கார்பன் தாள் வைத்து எழுதினால் ஒரு பிரதி உங்களிடமும் தங்கிவிடும். கைப்பேசியில் நேரம் தானாகப் பதிவாகும் என்பது உண்மைதான், ஆனால் அதை எடுத்தால் கண் வேறு எங்கோ போய்விடுகிறது, தவழும் குழந்தைக்கு அந்த இடைவெளி போதும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், எல்லோரும் இருக்கும் குழுவில் இடாமல் தனித்தனியே அனுப்புங்கள். படத்தில் வேறு பிள்ளை இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பதில் 4
எழுதியவர்: இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். 3 வயதுப் பையனுக்கும் 7 மாதக் குழந்தைக்கும் ஒரே மாதிரி நோட்டு வேண்டியதில்லை. அவனுக்குப் பால் கணக்கு எதற்கு? நான் பார்த்துக்கொள்ளும் பெரியவளிடம் மாலையில், இன்றைக்கு அம்மாவுக்கு என்ன எழுதலாம் என்று கேட்டு, அவள் சொல்வதை அவள் சொல்லும்படியே எழுதுகிறேன். புதிய உணவை முதல் முறை கொடுக்கும் சின்னக் குழந்தைக்கு மட்டும் நேரத்தை மறக்காதீர்கள்; முட்டை, நிலக்கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வீக்கமோ தெரிந்துவிடும். எதைச் சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது என்பது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டேன். காலைப் பகுதியை எழுத ஒரு வீட்டில் தயங்கினார்கள். மருந்துச் சம்பவத்தைச் சொன்னதும் மறுப்பேதும் சொல்லவில்லை. முதல் அடி பற்றி, ஒன்றரை வயதுக்காரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால், சின்னவளின் அம்மாவிடம் மட்டும் கேட்டேன். உடனே அழைத்துச் சொல்லுங்கள், வேலைக்கு நடுவிலும் எடுப்பேன் என்றார். சுவரில் தாளும் பென்சிலும் கட்டியாகிவிட்டது.

நேற்று சின்னவளின் நோட்டில் இப்படி எழுதி அனுப்பினேன்:

‘9.40க்குப் பால் 150 மில்லி கொடுத்தேன், 110 குடித்தாள். 10.30 முதல் 11.15 வரை தூங்கினாள். 12.20க்கு மசித்த கேரட் மூன்று கரண்டி. 1.30 முதல் 2.05 வரை தூக்கம், அழுதுகொண்டே எழுந்தாள், இடது காதைப் பிடித்து இழுத்தாள், உடம்பு சுடவில்லை. 2.30க்குப் பால் 120 குடித்தாள். 4.10க்கு மறுபடியும் இடது காதை இழுத்தாள். டயப்பர் நான்கு முறை ஈரம், ஒரு முறை மலம். கரண்டியைத் தட்டில் தட்டிவிட்டு, சத்தம் எங்கிருந்து வந்தது என்று தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.’

இன்று காலை நோட்டு திரும்பி வந்தபோது, காலைப் பகுதியில் அவளுடைய அம்மா எழுதியிருந்தார்: ‘காதைப் பற்றி எழுதியதைப் படித்து மாலையே மருத்துவரிடம் காட்டினோம், இடது காதில் தொற்று. மருந்து காலை 7.15க்குக் கொடுத்தாயிற்று, அடுத்தது 3.15க்கு. தட்டை வீட்டிலும் தூக்கிப் பார்த்தாள்.’